ஜம்பைக் குன்றில் ஒரு வரி

திருக்கோவிலூர் செல்வோர் உலகளந்த பெருமாளையும் வீரட்டேசுவரரையும் தரிசித்துத் திரும்பிவிடுகிறார்கள். அருகிலுள்ள ஜம்பைக் குன்றில் ஏறிப் பார்ப்போர் அரியர். அங்கே ஒரு குகை. அதில் ஒரே வரியில் தமிழ்ப் பிராமிச் சாசனம். சத்தியபுத்திரனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி ஈந்த பாளி என்பது அதன் பொருள். பாளியாவது, துறவிகளின் உறைவிடம்.

அசோகச் சக்கரவர்த்தி சோழ, பாண்டிய, கேரளரோடு சேர்த்துக் கல்லில் பொறித்த சத்தியபுத்திரர் யாவர் என்று பண்டிதர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். 1981-ல் இக்குகை விடை பகர்ந்தது.

ஆர்மீனியாவில் பாறையைக் குடைந்தமைத்த கெகார்ட் மடத்தைக் காணக் கடல் கடந்தும் ஜனங்கள் போகிறார்கள். நமக்கோ இத்தகைய செல்வம் வாயிற்படியிலேயே இருக்கிறது. குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். பாறையில் பெயர் கீற மட்டும் விடாதீர்கள். அவ்வொரு வரி அழிந்தால், மறுபடி பொறித்துத் தர அதியமான் வரப்போவதில்லை.