சட்டை நம்பர் 1223

பாஸ்கெட்பால் ஆட்டக்காரர்களின் சட்டையில் நம்பர் இருக்கும். ஒரு இலக்கம், மிஞ்சினால் இரண்டு. புகழ்பெற்ற ஆட்டக்காரர் ரிட்டயர் ஆனால் அந்த நம்பரை வேறு யாருக்கும் தராமல், பெரிய துணியில் போட்டு அரங்கத்தின் கூரையில் தொங்கவிடுவது அமெரிக்க வழக்கம். யூட்டா மாநிலத்து சால்ட் லேக் சிட்டியில், யூட்டா ஜாஸ் டீமின் அரங்கத்தில் போய் அண்ணாந்து பார்த்தால் ஒரு விசித்திரமான நம்பர் தொங்கும்: 1223. நாலு இலக்கம்! யாருடைய பி.எஃப். அக்கவுண்ட் நம்பரையோ மாற்றி மாட்டிவிட்டார்களோ என்று சந்தேகம் வரும்.

இல்லை. அது ஒரு மனுஷர் கோச்சாக இருந்து அந்த டீமுக்கு வாங்கிக் கொடுத்த வெற்றிகளின் கூட்டுத்தொகை. வழக்கமான சீசன் ஆட்டங்களில் 1127, பிளே-ஆஃபில் 96. பெயர் ஜெர்ரி ஸ்லோன். 2020 மே 22-ம் தேதி, 78-வது வயதில் காலமானார்.

அந்த 1223-ல் ஒன்று மட்டும் கிடையாது. சாம்பியன்ஷிப். கோச்சாகவும் இல்லை, ஆட்டக்காரராகவும் இல்லை. என்.பி.ஏ. கப்பை ஒரு தடவைகூட ஜெயிக்காத ஆளை ஒரு ஊரே இன்னும் ஏன் கொண்டாடுகிறது? இந்த வாரம் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

*

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். இல்லினாய் மாநிலத்தில் மெக்லீன்ஸ்பரோ என்ற சின்ன ஊர்ப்பக்கம் பண்ணை வீடு. பத்துக் குழந்தைகளில் கடைக்குட்டி. நாலு வயசில் அப்பா போய்விட்டார். காலை நாலரைக்கு எழுந்து, பண்ணை வேலையை முடித்து, கிட்டத்தட்ட ரெண்டு மைல் நடந்து, ஏழு மணி பிராக்டீஸுக்குப் பள்ளிக்கூடம் போவாராம். (அலாரத்தைத் தட்டிவிட்டு இன்னும் பத்து நிமிஷம் என்று புரளுகிற நாமெல்லாம் இந்த இடத்தைச் சீக்கிரம் தாண்டிவிடுவது நல்லது.)

காலேஜ் முடித்து 1965-ல் பால்டிமோர் டீமில் சேர்ந்தார். அடுத்த வருஷம் சிகாகோவில் புதிதாக ஒரு டீம் ஆரம்பித்தார்கள். பெயர் புல்ஸ். புது டீமுக்கு மற்ற டீம்கள் 'இவரை வேண்டுமானால் எடுத்துக்கொள்' என்று ஆட்களைக் கொடுப்பார்கள். அப்படிப் போனவர்தான் ஸ்லோன். முதல் சீசனிலேயே அந்த டீம் பிளே-ஆஃப் போனது.

பெரிய ஸ்டைல் எல்லாம் கிடையாது. எதிராளி பந்தோடு புயல் மாதிரி பாய்ந்து வருவான். அவன் வழியில் காலை ஊன்றி நின்று, நெஞ்சில் மோதலை வாங்கிக்கொண்டு கீழே விழ வேண்டும். விழுந்தால் மோதினவன் மேல் ஃபவுல். ஆட்டத்திலேயே ரொம்ப வலிக்கிற, கைதட்டல் ரொம்பக் குறைவான வேலை இது. ஸ்லோனுக்கு ஸ்பெஷாலிட்டியே இதுதான். 1976-ல் முழங்கால் போய் ஆட்டம் முடிந்தது. 1978-ல் அவருடைய 4-ம் நம்பரை புல்ஸ் கூரைக்கு ஏற்றினார்கள். அந்த டீம் ஏற்றிய முதல் நம்பர் அது. சிகாகோ ரசிகர்கள் அவருக்கு வைத்த பட்டப் பெயர் 'ஒரிஜினல் புல்'. அசல் காளை!

சிகாகோ, 4-ம் நம்பர், கூரை. இந்த மூன்றையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

1977-ல் தான் படித்த எவன்ஸ்வில் காலேஜுக்குக் கோச்சாகப் போக ஒப்புக்கொண்டார். ஐந்தே நாளில் வேண்டாம் என்று விலகிவிட்டார். அந்த வருஷம் டிசம்பர் 13-ம் தேதி, அந்தக் காலேஜ் டீம் ஏறிய விமானம் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் விழுந்தது. புது கோச், ஆட்டக்காரர்கள் உட்பட விமானத்தில் இருந்த 29 பேரும் போய்விட்டார்கள். இதற்கு என்ன எழுதுவது சார்? அடுத்த பாராவுக்குப் போய்விடுகிறேன்.

*

1979-ல் புல்ஸுக்கே கோச் ஆனார். 1982-ல் சீசன் நடுவிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நெஞ்சைக் கொடுத்து வளர்த்த டீம், சீட்டைக் கிழித்துவிட்டது. பிறகு யூட்டாவில் உதவி கோச். 1988 டிசம்பரில் தலைமை கோச் திடீரென்று விலக, நாற்காலி இவருக்கு வந்தது. உட்கார்ந்தவர் 2011 பிப்ரவரி வரை எழுந்திருக்கவில்லை. அந்த 22 வருஷத்தில் லீக்கின் மற்ற டீம்களில் இருநூறு தடவைக்கு மேல் கோச் மாறினார்கள். இங்கே மட்டும் அதே ஆள், அதே முகம், அதே சிடுசிடுப்பு.

பிராக்டீஸில்கூடச் சட்டை டக் இன் செய்திருக்க வேண்டும் என்பார். கோபம் வந்தால் கண்மண் தெரியாது. 2003-ல் ரெஃப்ரியைத் தள்ளிவிட்டு ஏழு ஆட்டம் சஸ்பென்ஷன், சம்பளமும் கட். வேலை முடிந்தால் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு சொந்த ஊர்ப் பண்ணைக்குப் போய்விடுவார். அங்கே பழைய டிராக்டர்கள் சேர்ப்பதுதான் பொழுதுபோக்கு. மற்ற கோச்சுகள் கார் வாங்கினார்கள். இவர் டிராக்டர் வாங்கினார்.

ஆட்டமும் அப்படித்தான். 'பிக் அண்ட் ரோல்' என்று ஒன்றே ஒன்று. ஜான் ஸ்டாக்டன் பந்தைத் தட்டிக்கொண்டு வருவார். (ஊரெல்லாம் முழங்காலுக்குக் கீழே தொளதொள டிராயர் போட்ட காலத்தில் இவர் மட்டும் குட்டை டிராயர்.) கார்ல் மலோன் என்கிற மலை, ஸ்டாக்டனைத் துரத்துகிறவன் வழியில் போய்ச் சுவர் மாதிரி நிற்கும். துரத்துகிறவன் சுவரில் முட்டிக்கொள்வான். மலோனின் காவலாளி 'நான் யாரைப் பிடிக்க?' என்று அரை நொடி முழிப்பான். அந்த அரை நொடிதான் கணக்கு. மலோன் திரும்பிக் கூடையை நோக்கி ஓட, பந்து அங்கே காத்திருக்கும். இது வரப்போகிறது என்று லீக்கில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியாது. ஸ்டாக்டன் இப்படி இன்னொருவர் கூடை போடக் கொடுத்த பந்துகள் 15,806. என்.பி.ஏ. சாதனை. 19 சீசனில் அவர் லீவு போட்ட ஆட்டங்கள் மொத்தம் 22-தான். நம் கேஷுவல் லீவுக் கணக்கை இங்கே ஒப்பிட வேண்டாம்.

*

இனி சோகம். 1997-ல் ஜாஸ் முதல் முறையாக ஃபைனல் போனது. எதிரே யார்? சிகாகோ புல்ஸ்! மைக்கேல் ஜோர்டன்! ஆறாவது ஆட்டத்தில், சிகாகோவில், கதை முடிந்தது. ஸ்லோன் தலை குனிந்து நடந்துபோன அந்த அரங்கத்தின் கூரையில் தொங்கிக்கொண்டிருந்தது அவருடைய சொந்த 4-ம் நம்பர். சினிமாவில் இப்படி ஸீன் வைத்தால் 'ஓவர்' என்போம்.

1998-ல் மறுபடி ஃபைனல். மறுபடி புல்ஸ். மூன்றாவது ஆட்டத்தில் 96-54 என்று உதை. ஸ்கோர் பேப்பரைக் கையில் வாங்கிய ஸ்லோன், 'நிஜமாவே இதுதான் ஸ்கோரா? அவங்க 196 போட்ட மாதிரியில்ல இருந்துச்சு' என்கிற தினுசில் கேட்டு நிருபர்களைச் சிரிக்க வைத்தார். ஆறாவது ஆட்டம் சால்ட் லேக் சிட்டியில், ஜூன் 14, ஞாயிறு ராத்திரி. நம்மூருக்கு அது திங்கள் காலை, ஆபீஸ் போகிற அவசரம். கடைசி நிமிஷத்தில் ஜாஸ் மூன்று பாயிண்ட் முன்னால். ஜோர்டன் ஒரு கூடை போட்டார். மலோன் கையிலிருந்த பந்தைத் தட்டிப் பறித்தார். 5.2 நொடி பாக்கி இருக்கும்போது இன்னொரு கூடை. 87-86. ஒரே ஒரு பாயிண்ட். அதோடு சரி, ஸ்லோன் அப்புறம் ஃபைனல் பக்கம் போகவேயில்லை.

கப்தான் இல்லை, 'வருஷத்தின் சிறந்த கோச்' பட்டமாவது? அதுவும் கிடையாது. 1997-ல் ஜாஸ் 64 ஆட்டம் ஜெயித்தது. பட்டம் 61 ஜெயித்த மயாமி கோச்சுக்கு. 1998-ல் 62. பட்டம் 58 ஜெயித்த இண்டியானா கோச்சுக்கு. 2003-ல் ஸ்டாக்டன் ரிட்டயர், மலோன் வேறு டீமுக்குப் போய்விட்டார். லீக்கிலேயே கடைசியாக வருவார்கள் என்று பண்டிதர்கள் சொன்ன டீமை வைத்துக்கொண்டு 42 ஆட்டம் ஜெயித்துக் காட்டினார். ஊஹூம், இரண்டாவது இடம். அந்த 2004 ஜூனில், பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே இருந்த மனைவி பாபி புற்றுநோயில் போனார். அடுத்த சீசன் ஸ்லோன் மறுபடி பெஞ்ச் முன்னால் வந்து நின்றார். யூட்டாவில் அவருக்குத் தோல்வி அதிகமான ஒரே சீசன் அதுதான். அப்போதும் யாரும் அவரை அசைக்கவில்லை.

2011 பிப்ரவரி 9, அவருடைய கடைசி ஆட்டம். தோல்வி. எதிர் டீம்? சரியாகச் சொன்னீர்கள். மறுநாள் ராஜினாமா. பல வருஷம் கூடவே உதவி கோச்சாக இருந்த ஃபில் ஜான்சனும் அன்றே விலகினார். அப்படி ஒரு சகா கிடைத்ததை எந்தக் கப்போடு சேர்க்க?

*

2014-ல் 1223 கூரை ஏறியது. 2016-ல் பார்க்கின்சன் நோயும், ஞாபகத்தைத் தின்கிற லீவி பாடி டிமென்ஷியாவும் இருப்பதாக அவரே சொன்னார். அதற்கப்புறமும் ஜாஸ் ஆட்டங்களுக்கு வந்து உட்கார்ந்தார்.

இறந்த நேரம்தான் ரொம்பக் கொடுமை. ஒரு ஜாஸ் ஆட்டக்காரருக்கே கொரோனா என்று தெரிந்து, 2020 மார்ச் 11-ம் தேதி லீக்கையே நிறுத்தியிருந்தார்கள். அரங்கம் பூட்டு. ஆயிரக்கணக்கில் கூடி நின்று அழ வழியில்லை. வீட்டில் அடைந்து கிடந்த உலகம் முழுக்க அப்போது டி.வி.யில் பார்த்தது ஜோர்டனின் புகழ் பாடும் 'தி லாஸ்ட் டான்ஸ்' டாக்குமெண்டரி. அதன் கடைசிப் பகுதி மே 17-ல் வந்தது. அதே 1998 ஃபைனல், அதே 5.2 நொடி. ஜாஸ் ரசிகர்கள் பழைய புண்ணை இன்னொரு தரம் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் கோச் போய்விட்டார்.

அவரைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிற ரசிகர்கள் அந்த 5.2 நொடியோடு நிறுத்துவதில்லை. டிராக்டர், தொப்பி, ரெஃப்ரியோடு சண்டை, டக் இன் செய்த சட்டை என்று போய்க்கொண்டே இருக்கும். கப் வாங்கின ராத்திரி ஒன்றுதான். ஆனால் 22 வருஷம், வாரத்துக்கு மூணு நாலு ராத்திரி, 'இன்னிக்கு நம்ம ஆளுங்க ஒழுங்கா ஆடுவாங்க' என்று நம்பி டிக்கெட் வாங்க வைப்பது வேறு விஷயம். அதற்குக் கொடுக்க லீக்கிடம் பட்டம் இல்லை. ஊர்க்காரர்கள் யோசித்து, எண்ணிப் பார்த்து, கூட்டிப் போட்டு, கூரையில் மாட்டிவிட்டார்கள். என்னைக் கேட்டால், கப்பைவிட அது உசத்தி. கப்பை வருஷத்துக்கு ஒருத்தர் வாங்குகிறார். 1223-ஐ வேறு யார் வாங்கியிருக்கிறார்கள்?

உங்கள் ஆபீஸில் இந்த வருஷம் 'பெஸ்ட் எம்ப்ளாயி' போட்டோ மாட்டும்போது அதில் உங்கள் முகம் இல்லையென்றால் கவலைப்படாதீர்கள். ஜெர்ரி ஸ்லோனை நினைத்துக்கொண்டு மறுநாள் காலை டயத்துக்குப் போய் நில்லுங்கள். சட்டையை மட்டும் ஒழுங்காக டக் இன் செய்துகொள்ளுங்கள்.