உட்கார ஒரு சோபா

மரியாதை என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு உடம்பு கூசும். துண்டை இடுப்பில் கட்டு, செருப்பைக் கையில் எடு என்றவர்களின் சொல் அது. ஆனால் ஒரே வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் மரியாதை என்று ஒன்று உண்டு. அது வேறா, அதுவும் இதேதானா? அமெரிக்காவின் ஸ்டாண்ட்-அப் காமெடியன்களை வைத்துப் பேசிப் பார்க்கலாம். சிரிப்புக்காரன் சமாச்சாரத்துக்கெல்லாம் தலையங்கமா என்று தோழர்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்க.

அவர்கள் தொழிலில் எழுதாத சட்டங்கள் சில உண்டு. அடுத்தவன் ஜோக்கைத் தொடாதே. அரங்கின் பின்னால் விளக்கு எரிந்தால் உன் நேரம் முடிந்தது, இறங்கு. உனக்குப் பிறகு ஏற ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான். ஜோக்குக்காகக் கோர்ட்டுக்குப் போவது அபூர்வம், செலவு கட்டாது. திருடியவனோடு மேடையேற மறுப்பதும் ஊரெல்லாம் சொல்லி வைப்பதும்தான் தண்டனை. ஓலியர், ஸ்ப்ரிக்மன் என்ற இரு சட்ட ஆய்வாளர்கள் 2008இல் இதை விரிவாகவே எழுதினார்கள். சட்டம் இல்லாமலே ஒரு கூட்டம் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்கிறது என்பது கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் 2007இல் லாஸ் ஏஞ்சலிஸ் காமெடி ஸ்டோர் மேடையிலேயே கார்லோஸ் மென்சியாமீது ஜோ ரோகன் திருட்டுக் குற்றம் சாட்டினார். மென்சியா மறுத்தார். கிளப்பின் கதவு அடைபட்டது குற்றம் சொன்னவருக்கு.

நமக்கு முக்கியமான ஆள் டிக் கிரிகோரி. கறுப்பர். வெள்ளைக்காரர் கிளப்புகளில் கறுப்பன் பாடலாம், ஆடலாம்; நிமிர்ந்து நின்று, பார்ப்பவன் கண்ணைப் பார்த்துப் பேசக்கூடாது என்பதே அன்றைய வழக்கம். 1961 ஜனவரியில் சிகாகோ பிளேபாய் கிளப்பில் ஒருவருக்குப் பதிலாக நின்று பேசினார். எதிரே தெற்கு மாநில வெள்ளை வியாபாரிகள். சிரித்தார்கள். பெயர் பரவி, ஜாக் பாரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒரு சின்ன ‘மரியாதை’. ஜோக் சொல்லி முடித்த காமெடியனை அழைத்து சோபாவில் உட்காரவைத்துப் பேசுவார்கள். கறுப்பர் என்றால் மேடையோடு சரி, கையைத் தட்டி அனுப்பி விடுவார்கள். அது தெரிந்ததும் கிரிகோரி வரமாட்டேன் என்றுவிட்டார். பாரே போன் செய்தார். உட்கார வைப்பதானால் வருகிறேன் என்றார். உட்கார்ந்தார்.

அதுவரை எத்தனை வெள்ளைக் காமெடியன்கள் அந்த சோபாவில் உட்கார்ந்து எழுந்து போயிருப்பார்கள்! சக கலைஞனின் ஒரு வரி ஜோக் களவு போனால் கொதிக்கிற தொழில், அவனுக்கு இருக்கை இல்லை என்பதை வழக்கமாக எடுத்துக்கொண்டது. ஜோக் சொத்து, இருக்கை சொத்தில்லை போலும். நாற்காலியின் அரசியலை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

இன்னொன்று. 1979இல் அதே காமெடி ஸ்டோர். ஊற்றிக் கொடுப்பவருக்குச் சம்பளம், பரிமாறுபவருக்குச் சம்பளம். பெரிய பேர்களை விட்டுவிட்டால், மேடையில் நின்று கூட்டத்தை இழுப்பவனுக்குச் சல்லிக்காசில்லை. இது கற்றுக்கொள்ளும் கூடம் என்றார் உரிமையாளர் மிட்ஸி ஷோர். (சம்பளம் கேட்டால் உடனே எல்லா இடமும் பள்ளிக்கூடம் ஆகிவிடும்!) காமெடியன்கள் வாசலில் மறியல் செய்தார்கள். பின்னாளில் தொலைக்காட்சியில் பெரும் பேர் வாங்கிய லெட்டர்மன், லெனோ போன்றவர்களும் நின்றார்கள். சிலர் மறியலைத் தாண்டி உள்ளே போய் மேடையேறினார்கள். சுமார் ஆறு வாரம் கழித்து, ஒரு முறை மேடையேற 25 டாலர் என்று முடிவானது.

போராடியவர்களுக்கு அப்புறம் மேடை கிடைக்கவில்லை என்ற புகார் எழுந்தது. போராட்டத்தில் நின்ற ஸ்டீவ் லுபெட்கின் ஜூன் 1 அன்று கிளப்புக்கு அடுத்த ஹோட்டலில் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த 25 டாலரை, மறியலைத் தாண்டிப் போனவர்களும்தான் வாங்கிக்கொண்டார்கள்.

– ஆசிரியர் குழு