கை தட்டினால் பக்தி, தட்டாவிட்டால் வெறும் பழக்கமா?

சி.எஸ்.ஐ. வீட்டில் பிறந்து வளர்ந்த ஒரு பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை எப்படிப் போகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். மணி அடிக்கும். ஐயர் அங்கியோடு வருவார். பாமாலை, பாவ அறிக்கை, சங்கீதம், விசுவாசப் பிரமாணம், பிரசங்கம், காணிக்கை, ஆசீர்வாதம். எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று முழங்காலுக்கே பழகிவிட்டிருக்கும்.

இந்தப் பையனைக் காலேஜ் நண்பன் ஒருவன், "ஒரே ஒரு தடவை எங்க சபைக்கு வாடா" என்று கூப்பிடுகிறான். போனால் அங்கே பெஞ்சு கிடையாது, பிளாஸ்டிக் நாற்காலி. புத்தகம் கிடையாது, பாட்டெல்லாம் திரையில் ஓடுகிறது. டிரம்ஸ், கீபோர்டு, காது அடைக்கிற ஸ்பீக்கர். முக்கால் மணி நேரம் பாட்டு மட்டுமே. திடீரென்று எல்லோரும் ஒரே சமயத்தில் சத்தமாக ஜெபிக்கிறார்கள். பக்கத்து வரிசை அம்மா அழுகிறார். முன்னால் ஒருவர் புரியாத பாஷையில் பேசுகிறார். நம்ம பையனுக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. கட்டிக்கொண்டால் திமிர் மாதிரி தெரியும், தூக்கினால் நடிப்பு மாதிரி தெரியும்!

திரும்பி வருபவர்கள் பொதுவாக இரண்டு விதம். ஒரு கூட்டம் ஹாஸ்டலில் அதை மிமிக்ரி செய்து சிரிக்கும். இன்னொரு கூட்டம், "இவ்வளவு நாள் செத்த சபையில் இருந்துவிட்டோமே" என்று தன் வீட்டையே திட்ட ஆரம்பிக்கும். இரண்டுமே அவசரத் தீர்ப்பு.

முதலில் சிரிப்பவர்களுக்கு. இது நேற்று அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கூத்து என்று நினைப்பது தவறு. பெந்தெகொஸ்தே இயக்கத்தின் வரலாறு எழுதுபவர்கள் வழக்கமாக 1906-ல் லாஸ் ஏஞ்சலீஸ் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலிருந்து ஆரம்பிப்பார்கள். அதற்கு 46 வருடங்களுக்கு முன்பே, 1860-ல், திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற தமிழர் ஊழியம் செய்த இடங்களில் ஓர் எழுப்புதல் உண்டானது. அன்னிய பாஷை, தரிசனம், தீர்க்கதரிசனம் எல்லாம் அங்கே நடந்ததாகப் பதிவாகியிருக்கிறது. 1905-ல் மகாராஷ்டிரத்தில் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனிலும் எழுப்புதல் நடந்தது. கத்தோலிக்கர்களுக்குள்ளேயே 1967-ல் கரிஸ்மாட்டிக் இயக்கம் தொடங்கிவிட்டது. ஆக, பாட்டியின் ஊர் வரலாற்றிலேயே இருக்கிற ஒன்றைப் பேரன் வேற்றுக்கிரக விஷயம் மாதிரி பார்க்கிறான்.

வேதத்தில் பார்த்தாலும் தாவீது ராஜா பெட்டிக்கு முன்னால் ஆடினார். ஜன்னல் வழியாகப் பார்த்து முகம் சுளித்தவள் மீகாள். சிரிப்பவர்கள் தாங்கள் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

இப்போது வீட்டைத் திட்டுபவர்களுக்கு. அமைதியாக இருப்பதெல்லாம் செத்துப்போனது இல்லை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை என்று பிரிந்து கிடந்தவர்கள் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஒன்றாகி சி.எஸ்.ஐ. ஆனார்கள். பேராயர் உள்ள சபையும் இல்லாத சபையும் ஒரே மேஜையில் உட்கார்வது சின்ன விஷயமா? இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி இருக்கிற மனதுக்கு எழுதிவைத்த ஜெபம் ஒரு கைப்பிடிச் சுவர். துக்க வீட்டில் சொந்த வார்த்தை வராத நேரத்தில் அந்தப் பழைய வார்த்தைதான் வாயில் வரும்.

அன்னிய பாஷையைப் பற்றி பவுல் கொரிந்தியருக்கு எழுதியதையும் முழுதாகப் படிக்க வேண்டும். தடை செய்யாதீர்கள் என்கிறார். அதே அதிகாரத்தில், இரண்டு பேர் அல்லது மூன்று பேருக்கு மேல் வேண்டாம், ஒவ்வொருவராகப் பேசட்டும், அர்த்தம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் சபையில் பேசாமலிருக்கட்டும் என்கிறார். வெளியாள் ஒருவன் உள்ளே வந்து பார்த்தால் உங்களுக்குப் பைத்தியம் என்று சொல்லமாட்டானா என்றும் கேட்கிறார். அந்த வெளியாள்தான் நம்ம பையன்! அவனைப் பற்றி முதல் நூற்றாண்டிலேயே ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார்.

சரி, உண்மையில் எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்? சத்தத்தில் இல்லை. மூன்று இடங்களில்.

ஒன்று, வியாதி. நோயாளிக்காக ஜெபிப்பது நல்லது. "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு" என்று எவராவது சொன்னால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும். இன்சுலினை நிறுத்திய சர்க்கரை நோயாளி உயிரையே இழக்கலாம். அதன் பிறகு "விசுவாசம் போதவில்லை" என்ற பழியும் அவர் மேலேயே விழுவது கொடுமை.

இரண்டு, கணக்கு. காமர்ஸ் படித்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். கமிட்டி, ஆடிட், ரசீது எல்லாம் ஆவிக்கு விரோதம் இல்லை. தசமபாகம் வாங்குகிற கை வருடம் ஒருமுறை வரவு செலவைக் காட்டட்டும். (சி.எஸ்.ஐ.க்காரர்கள் இதைப் படித்து ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். தேர்தலும் வழக்கும் எங்கே அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும்.)

மூன்று, அவசரம். குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது, இன்றைக்கே முழுக்கு எடு என்று வற்புறுத்தினால், "வீட்டில் பேசிவிட்டு வருகிறேன்" என்று சொல்ல வெட்கப்படக் கூடாது. இதனால் எத்தனை வீடுகளில் அப்பாவும் மகனும் பேசாமல் இருக்கிறார்கள், எத்தனை கல்யாணப் பேச்சு நின்றது என்று தென் மாவட்டங்களில் கேட்டால் தெரியும். கடவுள் ஒரு வாரம் பொறுக்க மாட்டாரா என்ன?

ஆக, போகலாமா? தாராளமாகப் போகலாம். நடிக்காமல், கிண்டல் பண்ணாமல், கடைசி வரிசையில் நின்று பார்க்கலாம். தலையில் கை வைத்தால் விழ வேண்டும் என்று சட்டம் இல்லை.

ஒன்றை மட்டும் அங்கிருந்து கட்டாயம் கொண்டு வரவேண்டும். உள்ளே நுழைந்த பத்து நிமிடத்துக்குள் அந்தப் பையனிடம் நான்கு பேர் பெயர் கேட்டார்கள். "அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கு, அவங்களுக்காக ஜெபிக்கலாமா" என்று ஒருவர் கேட்டார். இருபது வருடமாக ஒரே பெஞ்சில் உட்கார்கிற அவன் சொந்தச் சபையில் அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதே பல பேருக்குத் தெரியாது. ஆட்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்று கமிட்டி கூட்டிப் பேசுபவர்கள், டிரம்ஸ் வாங்குவதற்கு முன்னால் இதை யோசிக்கலாம்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பவரிடம் பெயர் கேட்டுப் பாருங்கள். அதற்கு ஸ்பீக்கரும் வேண்டாம், அங்கியும் வேண்டாம்.