முன் சக்கரத்தைப் பாருங்கள்!

கரும்பு வெட்டும் காலத்தில் மண்ணாடிப்பட்டுப் பக்கம் போனால் தெரியும். டிராக்டர் சக்கரத்தோடு வயல் சேறும் தார்ச்சாலைக்கு வந்துவிடும். மேலே ஒரு தூறல் விழுந்தால் கேட்க வேண்டுமா? பள்ளிக்கூடம் போகும் மகளைப் பின்னால் உட்காரவைத்து அப்பா மோட்டார் சைக்கிள் ஓட்டுவது அந்தச் சாலையில்தான்.

ஆனால் கையில் காசு வந்தால் நம்மவர் வாங்குவது என்ன? சத்தம் போடும் சைலன்சர்! இது வீண் செலவு. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. ஆகவே பணம் முதலில் போகவேண்டிய இடம் முன் சக்கரம்.

முன் ஃபோர்க்குக்குள் ஸ்பிரிங் இருக்கிறது. பள்ளத்தின் அதிர்ச்சியை அது தாங்கும். அது ஓயாமல் துள்ளாதபடி அடக்குவது உள்ளே இருக்கும் எண்ணெய். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 1935-லேயே இத்தகைய ஃபோர்க்கைப் பொருத்தியது. ஃபோர்க் குழாயில் எண்ணெய் கசிகிறதா? சீல் போய்விட்டது என்று பொருள். சீலையும் எண்ணெயையும் மாற்றுங்கள். எப்போதும் பாரம் ஏற்றுகிறவர்கள் கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங் போடலாம்.

அடுத்தது டயர். மொட்டை டயர் சேற்றில் வழுக்கும். புது டயர் வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு எண்களைப் படியுங்கள். 2423 என்றிருந்தால், 2023-ஆம் ஆண்டின் 24-வது வாரத்தில் செய்தது. அகல டயர் பார்வைக்கு அழகுதான். கம்பெனி சொன்ன அளவை மீறினால் வண்டியைத் திருப்புவது கடினமாகும். ஃபோர்க்கில் உரசவும் கூடும்.