ஆளு வைக்கறது சரி, சம்பளம் யாரு குடுக்கறது?

வீட்டோட தங்கி அப்பா அம்மாவைப் பார்த்துக்க ஆள் வைக்கணும்னா, முதல்ல பிள்ளைங்க கணக்குப் போடுவாங்க. "நீ பாதி, நான் பாதி". ரெண்டு மாசம் ஒழுங்கா வரும். அப்புறம் முணுமுணுப்புதான்.

வேற வழி? மெடிகிளைம் ஆஸ்பத்திரி செலவுக்கு. குளிப்பாட்டி சோறு ஊட்டுற ஆளுக்குப் பொதுவா தராது. 2024-ல 70 வயசுக்காரங்களுக்கு விரிவாக்கின ஆயுஷ்மான் பாரத் 5 லட்சமும் ஆஸ்பத்திரிக்குத்தான். போஸ்ட் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல 30 லட்சம் போட்டா, 2025-ல இருந்த 8.2 சதவீத வட்டிக்கு மாசக் கணக்கு 20,500 ரூபாய். ஆனா 30 லட்சம் ரொக்கமா யாருகிட்ட இருக்கு? நம்ம பெரியவங்க பலருக்குச் சொத்தே குடியிருக்கற வீடுதானே!

அந்த வீடே சம்பளம் குடுக்கட்டும்கிறேன். 2007-ல வந்த ரிவர்ஸ் மார்ட்கேஜ் அதுக்குத்தான். 60 வயசு ஆனவங்க சொந்த வீட்டை அடமானம் வச்சா, பாங்க் மாசாமாசம் பணம் தரும். அதுக்குக் கால வரம்பு உண்டு, வட்டியும் ஏறும். ஆனா உசுரோட அங்க குடியிருக்கறவரை திருப்பிக் கட்ட வேண்டாம். அவங்க காலத்துக்கு அப்புறம் வாரிசுங்க கடனை அடைச்சு மீட்டுக்கலாம். வித்து அடைச்சாலும் மிச்சம் அவங்களுக்குத்தான்.

இருந்தும் திட்டம் பெருசா ஓடலை. "வீடு பசங்களுக்கு"ன்னு பெரியவங்களே தயங்கறாங்க, பசங்களும் சும்மா இருந்துடறாங்க.

வீடு வேணுமா, மாசச் சம்பளத்தைக் குடுங்க. முடியலையா, வீட்டை விட்டுக்குடுங்க. ரெண்டும் மாட்டேன்னா என்ன நியாயம் மக்களே?