வெள்ளிப் பூச்சும் வீண் மினுக்கும்

செம்பூர் ஸ்டேஷன் வாசலில் நம் மாணவத் தோழர்கள் கொறிக்கும் வறுவல் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். உட்புறம் வெள்ளியாய்ப் பளபளக்கும். அது வெள்ளியுமல்ல, தகடுமல்ல. பிளாஸ்டிக் தாளின்மீது படிந்த அலுமினிய ஆவி!

காற்றை அகற்றிய அறைக்குள் அலுமினியத்தை 1,400 பாகைக்கு மேல் காய்ச்சுகிறார்கள். அது ஆவியாக எழுந்து, குளிர்ந்த உருளையின்மேல் ஓடும் பிளாஸ்டிக் தாளில் பட்டு உறைகிறது. ஒரு மில்லிமீட்டரை 20,000 கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் பூச்சின் கனம். மேலே மஞ்சள் வார்னிஷைத் தடவினால் வெள்ளி பொன்னாகிவிடும். ரசவாதத்துக்காகக் காடுமேடெல்லாம் அலைந்த நம் சித்தர்கள் கண்டால் சிரிப்பார்கள்!

இந்த வித்தையை நான் பழிக்கவில்லை. காற்றும் ஈரமும் ஒளியும் புகுந்தால் வறுவலின் எண்ணெய் சிக்கடித்துவிடும். பூச்சு அவற்றைத் தடுக்கிறது. அங்கே அது காவல்காரன். ஆனால் பரிசு சுற்றும் தாளுக்கும், மணமேடைத் தோரணத்துக்கும், கொலுப்படியில் ஒட்டும் ஜிகினாத் தாளுக்கும் காவல் எதற்கு? அங்கே மினுக்கு ஒன்றே வேலை. ஒரு நாள் மினுக்கு!

மறுநாள் அது எங்கே போகிறது? தாராவியின் 13வது காம்பவுண்டு பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து உருக்குவதில் பெயர் பெற்றது. பிழைக்க வந்த நம்மவர் பலர் வாழும் தாராவி அது. வாளியும் புட்டியும் அங்கே காசாகும். வெவ்வேறு பிளாஸ்டிக்கும் உலோகமும் ஒட்டிய தாளைப் பிரித்தெடுப்பது அரிது. அதை விலை கொடுத்து வாங்குவாரில்லை. மிஞ்சுவது குப்பைமேடு. 1927 முதல் குப்பை குவிந்த தேவனார் மேடு செம்பூருக்கு அடுத்த வீடு. 2016 ஜனவரியில் அது பற்றியெரிந்தபோது, புகை விண்கோளின் படத்திலும் தெரிந்தது.

அதே 2016இல் மத்திய அரசு விதி செய்தது: மறுசுழற்சிக்கு உதவாத பல அடுக்குப் பிளாஸ்டிக் இரண்டாண்டில் ஒழியவேண்டும் என்று. 2018இல் விதியைத் திருத்தினார்கள். எரித்து வெப்பம் பெறலாம் என்றாலே தப்பித்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. எரியாத பிளாஸ்டிக் எங்கே இருக்கிறது, ஐயா?

உணவுப் பொட்டலத்தை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. அடுக்குகள் எல்லாம் ஒரே பிளாஸ்டிக்காய் இருக்கட்டும்; உருக்குவது எளிதாகும். வெறும் அலங்காரத்துக்கோ, காக்காப்பொன் எனும் அப்பிரகப் பொடிமீது டைட்டானியம் ஆக்ஸைடு பூசிய நிறமி இருக்கிறது. காகிதத்தில் தடவினாலே முத்தும் பொன்னுமாய் மின்னும். நம் சங்க ஆண்டுவிழா மேடைக்கு இம்முறை அந்தக் காகிதத்தையே வாங்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். விலை சற்றுக் கூடினால் என் சந்தாவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.