நாலாவது ஏவுகணை எங்கிருந்து வந்தது? போட்டோவில் ஒளிந்திருக்கும் நகல்கள் மாட்டிக்கொள்வது எப்படி?

2008 ஜூலை 9. ஈரான் நடத்திய ஏவுகணைச் சோதனையின் படம் ஒன்று வெளியானது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு நான்கு ஏவுகணைகள் வானத்தில் சீறுகின்றன. ஈரான் புரட்சிகரக் காவல் படையின் இணையதளத்தில் வந்த அந்தப் படத்தை ஏஎஃப்பி செய்தி நிறுவனம் எடுத்து அனுப்ப, அமெரிக்க நாளிதழ்கள் சிலவற்றின் முதல் பக்கத்திலேயே இடம்பிடித்தது.

மறுநாள் அதே காட்சியின் இன்னொரு படம் வெளியே வந்தது. அதில் சீறியவை மூன்றுதான்! நாலாவது கிளம்பாமல் தரையிலேயே இருந்ததாகத் தெரிந்தது. அப்போ முதல் படத்தில் பறந்தது? பக்கத்து ஏவுகணைகளின் புகையையும் புழுதியையும் நகலெடுத்து ஒட்டிய வேலை. ஏஎஃப்பி படத்தைத் திரும்பப் பெற்றது.

ஒரு நாட்டின் ராணுவ பலத்தையே கூட்டிக்காட்டிய இந்த வேலை, டிசைன் படிக்கிறவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் விஷயம்.

டூப்ளிகேட் செய்வது தப்பா?

இல்லவே இல்லை. டிசைன் உலகமே அதில்தான் ஓடுது. கோரல்டிராவில் கன்ட்ரோல் + டி தட்டினால், தேர்ந்தெடுத்த பொருளுக்குப் பக்கத்தில் ஒரு நகல் வந்து நிற்கும். போட்டோஷாப்பில் கன்ட்ரோல் + ஜே தட்டினால் லேயர் இரண்டாகும். ஒரு விசிட்டிங் கார்டை வரைந்துவிட்டு, ஒரே தாளில் பத்தாக அடுக்கி பிரின்ட்டுக்கு அனுப்புவதும் இதே வேலைதான்.

ஃபிக்மா இன்னும் ஒரு படி மேலே. ஒரு பட்டனை காம்போனென்ட்டாக மாற்றி நகல்கள் எடுத்தால், மூலத்தில் நிறத்தை மாற்றியதும் நகல்களும் தானாக மாறிவிடும். அதாவது, எது மூலம், எது நகல் என்பது அந்த ஃபைலுக்கே தெரியும்.

போட்டோவில் கதை வேறு. குளோன் ஸ்டாம்ப் என்ற டூலால் படத்தின் ஒரு பகுதியை எடுத்து இன்னொரு இடத்தில் பூசி, ஜேபெக் ஆக சேவ் செய்துவிட்டால் லேயர்கள் எல்லாம் ஒன்றாகிவிடும். எங்கிருந்து எங்கே ஒட்டப்பட்டது என்ற தகவல் ஃபைலில் மிஞ்சாது. பிரச்னை தொடங்குவது இங்கேதான்.

அப்புறம் எப்படி மாட்டுகிறார்கள்?

இயற்கையில் எதுவும் அச்சு அசலாக இரண்டு முறை வராது. புகை, மேகம், மரக்கிளை, மாநாட்டுக் கூட்டம் எதை எடுத்தாலும் இதே கதைதான். ஒரே வளைவு, ஒரே நிழல் இரண்டு இடத்தில் தெரிந்தால் சந்தேகப்படலாம்.

2006 ஆகஸ்ட்டில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட பெய்ரூட் தாக்குதல் படம் இப்படித்தான் சிக்கியது. கரும்புகையில் ஒரே மாதிரியான சுருள்கள் திரும்பத் திரும்ப வருவதை இணையத்தில் எழுதுபவர்கள் கவனித்துவிட்டார்கள். அந்தப் புகைப்படக்காரரின் 920 படங்களையும் ராய்ட்டர்ஸ் விற்பனையில் இருந்தே நீக்கியது.

மென்பொருளும் இதே தர்க்கத்தில்தான் தேடுகிறது. படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, எந்த இரண்டு கட்டங்கள் ஒத்துப்போகின்றன என்று பார்க்கும். ஆனா, வாட்ஸ்அப்பில் பத்து கை மாறி வந்த படத்தில் இது கஷ்டம். ஒவ்வொரு முறை சுருக்கப்படும்போதும் நுணுக்கமான தடயங்கள் அழிந்துகொண்டே போகும்.

இது மீடியா பிரச்னை மட்டும்தானா?

இல்லை, ஆய்வகம் வரை போயிருக்கிறது. நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக்கும் இரண்டு விஞ்ஞானிகளும் 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 20,621 ஆய்வுக் கட்டுரைகளின் படங்களை, பெரும்பாலும் வெறும் கண்ணாலேயே அலசிய வேலை அது. 3.8% கட்டுரைகளில் பொருத்தமில்லாத நகல் படங்கள் இருந்தன. அவற்றில் குறைந்தது பாதி, தெரிந்தே செய்யப்பட்டிருக்கலாம் என்று சந்தேகிக்கும்படி இருந்தன.

அல்சைமர் நோய் பற்றி 2006-ல் நேச்சர் இதழில் வந்த ஒரு பிரபலமான கட்டுரை, 2024 ஜூனில் திரும்பப் பெறப்பட்டது. படங்களில் ஒட்டுவேலை, நகலெடுப்பு, அழிப்பான் டூல் பயன்படுத்திய அடையாளங்கள் தெரிவதாக அறிவிப்பில் காரணம் சொல்லப்பட்டது. 18 ஆண்டுகளாக உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் அதை மேற்கோள் காட்டி வந்திருக்கிறார்கள். மருந்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்களை நினைத்தால், இது வெறும் எடிட்டிங் தப்பு இல்லை.

ஏஐ வந்த பிறகு?

2023-ல் போட்டோஷாப்பில் ஜெனரேட்டிவ் ஃபில் வந்தது. "இங்கே இன்னொரு கார் வை" என்று எழுதினால் போதும், பக்கத்து காரை நகலெடுக்காமல் புதிதாகவே ஒன்றை உருவாக்கித் தரும். இரட்டையே இல்லாத படத்தில் இரட்டையைத் தேடி என்ன பயன்? இத்தனை வருஷம் கைகொடுத்த வழி இங்கே செல்லாது.

அதனால் கவனம் இப்போ படத்தின் வரலாற்றுப் பக்கம் திரும்பியிருக்கிறது. அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி உள்ளிட்டவை சேர்ந்து 2021-ல் சி2பிஏ என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. படம் எந்தக் கருவியில் உருவானது, என்னென்ன மாற்றம் செய்யப்பட்டது என்பதை ஃபைலோடு சேர்த்துப் பதியும் தரநிலையை இது உருவாக்கியது. இதிலும் ஓட்டை உண்டு. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அந்தப் பதிவு போச்சு.

நாம என்ன செய்யலாம்?

ஃபார்வர்டு படத்தை ஜூம் செய்து, ஒரே முகமோ ஒரே கொடியோ திரும்ப வருதான்னு பாருங்க. கூகுள் லென்ஸில் போட்டு, படம் முதலில் எங்கே, எப்போ வந்தது என்று தேடுங்க. அதோடு, வேறு யாராவது வேறு கோணத்தில் அதே சம்பவத்தை எடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்க. ஆயிரம் பேர் கையில் போனோடு நின்ற இடத்திலிருந்து ஒரே ஒரு படம்தான் வருதுன்னா, ஷேர் பட்டனைத் தொடுவதற்கு முன் கொஞ்சம் பொறுக்கலாம். ஈரான் ஏவுகணைகள் மூன்றுதான் என்று சந்தேகமில்லாமல் காட்டியதும் அந்த இரண்டாவது படம்தானே!